ஹேவ்லாக்கில் ஸ்கூபா கற்றுக்கொள்வது எப்படி? பவளப்பாறையில் முதல்முறை இறங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அந்தமான் சுற்றுலாப் பேக்கேஜில் 'ஸ்கூபா' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 'ட்ரை டைவ்'. கரையோரத்தில் கொஞ்ச நேரம் வாயால் மூச்சுவிடப் பழக்குவார்கள். அப்புறம் ஒரு இன்ஸ்ட்ரக்டர் பின்னாலிருந்து உங்கள் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் மீன் காட்டிக் கூட்டி வருவார். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. முதியவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு அது போதும்.

கற்றுக்கொள்வது வேறு. 'ஓப்பன் வாட்டர்' என்ற அடிப்படைப் பயிற்சிக்கு மூன்று அல்லது நான்கு நாள் பிடிக்கும். பாடம், ஆழமில்லாத நீரில் பயிற்சி, கடலில் நான்கு டைவ் என்று மூன்று பகுதி. முடித்தால் உலகத்தில் எங்கே போனாலும் ஒரு துணையோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். பத்து வயது நிரம்பிய பிள்ளைகளும் ஜூனியர் சான்றிதழ் வாங்கலாம். பேடி, எஸ்எஸ்ஐ என்று சான்றிதழ் தரும் இரண்டு நிறுவனங்களின் பெயர் அடிக்கடி காதில் விழும். எதை எடுத்தாலும் எல்லா இடத்திலும் செல்லும், அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வழிகாட்டி கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு. இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றைத்தான்: மிதப்பு. தண்ணீருக்குள் மேலே ஏறாமல், கீழே இறங்காமல், எதையும் தொடாமல் நின்ற இடத்தில் நிற்பது. அது கைக்கு வந்துவிட்டால் பயம் போகும், காற்று மிஞ்சும், மீன்கள் பக்கத்தில் வரும். அது வராத ஒருவர் பவளப்பாறைக்கு மேலே போனால், பல வருடம் வளர்ந்த கிளை ஒரு உதையில் உடைந்துவிடும். ஆகவே மணலில் நன்றாகப் பழகிவிட்டுத்தான் பாறைக்குப் போக வேண்டும். பயணத்தின் நாள்களையும் அதற்கேற்றபடி ஒதுக்க வேண்டும்.

ஏன் ஹேவ்லாக், எப்போது

2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறினாலும் எல்லோரும் இன்னும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள். கற்றுக்கொள்பவர்களுக்கு இந்தத் தீவு பொருத்தமாக இருப்பதற்குக் காரணம் நெமோ ரீஃப். தீவின் கிழக்குக் கரையில் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். ஆழம் குறைவு, பாறைத் திட்டுகளுக்கு நடுவே வெறும் மணல் பரப்பும் இருக்கிறது. படகு, அலை என்ற பதற்றமெல்லாம் இல்லாமல் முதல் நாளைத் தொடங்க அப்படியொரு இடம் வேண்டும். தண்ணீரும் வெதுவெதுப்பாக, 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும். 3 மில்லிமீட்டர் வெட்சூட் என்ற ரப்பர் உடை போதும்.

அக்டோபர் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை போகலாம். கடல் அடங்கித் தெளிவாக இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது கடல் கலங்கும், கப்பல் ரத்தாகும். கற்றுக்கொள்ள அது சரியான காலமில்லை.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு நேரடி விமானம் இருக்கிறது, இரண்டேகால் மணி நேரம் போலப் பறக்கும். 2024 செப்டம்பரில் நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது, டிக்கெட் பார்க்கும்போது இரண்டு பெயரும் தென்படும். அங்கிருந்து தனியார் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அரசுக் கப்பலில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகும், கட்டணம் மிகக் குறைவு. டிசம்பர் கடைசி வாரத்தில் போவதாக இருந்தால் படகு டிக்கெட்டை எடுத்துவிட்டு விமான டிக்கெட்டை எடுங்கள்.

நாள்களை எப்படி ஒதுக்குவது

ஏழு நாள் இருந்தால் நிம்மதி. முதல் நாள் போர்ட் பிளேரில் இறங்கி ஹேவ்லாக் போய்ச் சேர்ந்து தூங்குங்கள். இரண்டாம் நாள் ஆழமில்லாத நீரில் பயிற்சி. மூன்றாம், நான்காம் நாள்களில் இரண்டிரண்டு டைவ், அதோடு பயிற்சி முடியும். ஐந்தாம் நாள் பரீட்சை, பயிற்சி எதுவும் இல்லாமல் சும்மா பார்ப்பதற்கு ஒரு டைவ். இந்த ஐந்தாம் நாளை விட்டுவிடாதீர்கள். நான்கு டைவிலும் கவனம் முழுக்க 'இப்போது என்ன செய்யச் சொல்வார்' என்பதிலேயே இருக்கும், பாறையை நிதானமாகப் பார்ப்பது அன்றைக்குத்தான். ஆறாம் நாள் தண்ணீருக்குள் இறங்காமல் ராதாநகர் கடற்கரைக்குப் போய்விட்டுப் போர்ட் பிளேர் திரும்புங்கள். ஏழாம் நாள் விமானம்.

ஆறாம் நாளைக் காலியாக விடுவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தின் அழுத்தத்தில் அது ரத்தத்திலும் தசையிலும் கரைந்து நிற்கும், மேலே வந்தபிறகு மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அது போவதற்குள் விமானம் ஏறினால், கேபினில் அழுத்தம் குறையும்போது உடம்புக்குள்ளேயே குமிழியாகலாம். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகக்கூடிய கோளாறு அது. பல நாள் பல டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. 24 மணி நேரம் விட்டுவிட்டால் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் உடல்நலப் படிவம். எல்லாப் பயிற்சி மையங்களும் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, நுரையீரல் சுருங்கிய வரலாறு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று வரிசையாகக் கேட்பார்கள். குறிப்பிட்ட கேள்விகளுக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். தீவுக்குப் போய் அதற்கு அலையாதீர்கள். படிவத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் வாங்கி, ஊரில் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடமே காட்டிவிடுங்கள். எதையும் மறைக்க வேண்டாம். நிலத்தில் தொல்லை தராத ஒரு சின்ன மூச்சுக் கோளாறு, பத்து மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும்போது நுரையீரலில் காற்றை அடைத்து வைத்துவிட முடியும்.

அடுத்தது நீச்சல். 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், நேரக் கணக்குக் கிடையாது, எந்தப் பாணியிலும் நீந்தலாம். அப்புறம் 10 நிமிடம் கைகால் அசைத்தோ மல்லாந்தோ மிதக்க வேண்டும். 25 மீட்டர் நீச்சல்குளத்தில் எட்டு நீளம், அவ்வளவுதான். ஒரு மாதம் பழகினால் வந்துவிடும். இது சடங்குக்காக வைத்த பரீட்சை இல்லை. நீரில் முகம் நனைந்தாலே பதறுகிறவர், மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் என்ன செய்வார் என்பதை இதில்தான் பார்க்கிறார்கள்.

பாடத்தையும் ஊரிலேயே படித்துவிடுங்கள். இப்போது எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது, பத்து மணி நேரம் போல ஆகும். தீவில் இணையம் சில சமயம் கைகொடுக்காது. அதைவிட, கடற்கரைக்குப் போய்விட்டு அறைக்குள் உட்கார்ந்து வீடியோ பார்ப்பது பெரிய நஷ்டம். நேரம் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: சென்னைப் பக்கமோ புதுச்சேரியிலோ பாடத்தையும் குளத்துப் பயிற்சியையும் முடித்து, அதுவரை முடித்ததைச் சொல்லும் ரெஃபரல் கடிதம் வாங்கிக்கொண்டு போய், கடல் டைவ்களை மட்டும் அந்தமானில் செய்யலாம். போகும் மையம் அதை ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றை வாங்கிப் போவதானால் மாஸ்க் வாங்குங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தபிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. அடர்ந்த மீசை இருந்தால் கொஞ்சம் கசியும், மேல் உதட்டோரம் கொஞ்சம் வழித்துக்கொண்டால் சரியாகிவிடும். கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் உள்ள மாஸ்க் கிடைக்கிறது, மென்மையான கான்டாக்ட் லென்ஸும் பரவாயில்லை. புது மாஸ்க்கின் கண்ணாடிக்கு உள்பக்கம் பற்பசை தடவி நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பனி மூடியபடியே இருக்கும்.

பயிற்சி மையத்தைத் தேர்ந்தெடுப்பது

ஓப்பன் வாட்டருக்கு ஹேவ்லாக்கில் ரூ.25,000 முதல் 40,000 வரை கேட்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறும், சீசனுக்கும் மாறும். விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போன் போட்டு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

- ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்? நான்குக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். இரண்டு பேர் என்றால் இன்னும் நல்லது.
- ஒரு பயிற்சி எனக்கு வரவில்லை என்றால் இன்னொரு நாள் தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா?
- படகில் ஆக்ஸிஜன் கருவி இருக்கிறதா? அவசரத்துக்கு, நைட்ரஜன் குமிழிக் கோளாறுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை அருகில் எங்கே, அங்கே எப்படிக் கொண்டுபோவீர்கள்?
- ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் எனக்குத் தனியாகத் தருவீர்களா?

மூன்றாவது கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவேன். அந்தமானில் தமிழர்கள் நிறைய. தமிழ் பேசும் இன்ஸ்ட்ரக்டர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். பயமாக இருக்கும்போது ஒருவர் நம் மொழியில் 'ஒண்ணுமில்ல, மெதுவா மூச்சு விடுங்க' என்று சொல்வதற்கு வேறு எதுவும் ஈடாகாது.

பயிற்சியின் முதல் நாள், இடுப்பளவு தண்ணீரில்

தீவு கிழக்கே தள்ளி இருப்பதால் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். மையங்கள் ஆறு, ஆறரைக்கே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். கிழக்குக் கரையில் நீர் வற்றும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கிப் பாறை தெரியும். அதனால் எப்போது இறங்குவது என்பதைக் கடல் ஏற்ற இறக்கம்தான் முடிவு செய்யும். காலையில் கனமாகச் சாப்பிடாதீர்கள், வெறும் வயிற்றோடும் போகாதீர்கள்.

முதலில் கருவிகளை மாட்டக் கற்றுத் தருவார்கள். சிலிண்டர், வாயில் கவ்வி மூச்சுவிட அதில் மாட்டும் ரெகுலேட்டர், காற்றை நிரப்பவும் வெளியேற்றவும் முடிகிற பிசிடி என்ற ஜாக்கெட், இடுப்பில் ஈயக்கட்டி, காலில் ஃபின்ஸ் என்ற துடுப்பு. இதை நீங்களே கழற்றி நீங்களே மாட்டுங்கள், அவர்கள் மாட்டித்தர விடாதீர்கள். பிறகு சைகைகள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்தால் 'சரி'. கட்டைவிரலை மேலே தூக்கினால் 'மேலே போவோம்' என்று பொருள், 'சூப்பர்' என்று இல்லை. நம் ஆட்களுக்கு அந்தப் பழைய பழக்கம் மறக்க நாளாகும். உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'ஏதோ சரியில்லை', பிறகு எது சரியில்லையோ அதைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

தண்ணீருக்குள் முதல் மூச்சு எல்லோருக்கும் வேகமாகத்தான் வரும். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். நீளமாக, முழுவதுமாக, குமிழிச் சத்தம் கேட்கும்படி விட்டால், உள்ளே வருவது தானாக வரும். ஸ்கூபாவின் முதல் விதியும் இங்கேயே வந்துவிடுகிறது: எந்த நிலையிலும் மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கியிருந்தால் ஒன்றிரண்டு மீட்டர் ஏறினாலே நுரையீரலுக்குக் காயம் ஏற்படலாம்.

பிறகு ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் திரும்ப வைப்பது, அது கைதவறிப் போனால் தோளைச் சாய்த்துக் கையைப் பின்னால் வீசித் தேடிப் பிடிப்பது, துணையின் உபரி ரெகுலேட்டரில் மூச்சுவிடுவது எல்லாம் வரும். இவை பெரும்பாலானவர்களுக்கு எளிதாகவே வந்துவிடும். தொல்லை தருவது மாஸ்க்.

மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு அதை வெளியேற்றச் சொல்வார்கள். செய்முறை இதுதான். தலையை லேசாக மேலே தூக்குங்கள். மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு விரல்களால் அழுத்துங்கள். வாயால் இழுத்து, மூக்கால் மெதுவாக, தொடர்ச்சியாக விடுங்கள். காற்று மேலே தங்கித் தண்ணீரைக் கீழ் விளிம்பு வழியே தள்ளிவிடும். ஒரே மூச்சில் போகாவிட்டால் இன்னொரு மூச்சு, அவசரமே இல்லை. சிக்கல் எங்கே என்றால், தண்ணீர் மூக்கில் பட்டதும் நாம் அனிச்சையாக மூக்கால் இழுத்துவிடுகிறோம். அதை வீட்டிலேயே பழகலாம். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, அகலமான வாளித் தண்ணீரில் மாஸ்க் இல்லாமல் முகத்தை அமிழ்த்தி, ஸ்னார்க்கல் குழாய் வழியாக வாயால் மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள். சில நாள் செய்தால் மூக்கை மறந்து மூச்சுவிடப் பழகிவிடும். ஹேவ்லாக் போய்ச் சேரும்போது பயிற்சியின் கஷ்டமான பகுதியை ஏற்கெனவே தாண்டியிருப்பீர்கள்.

காது

இறங்கும்போது காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி மெதுவாக ஊதினால் 'டொப்' என்று திறக்கும். வலி வந்த பிறகு செய்யக் கூடாது, வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். தலை தண்ணீருக்குள் போனதும் ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தடவை. அழுத்தம் இரட்டிப்பாவது முதல் 10 மீட்டரில்தான் என்பதால் காதுத் தொல்லையும் அங்கேதான் அதிகம். திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். பலமாக ஊதினால் செவிப்பறைக்கும் உள்காதுக்கும் கேடு. குழுவில் மற்றவர்கள் கீழே போய்விட்டார்களே என்று அவசரப்படவே வேண்டாம், நல்ல இன்ஸ்ட்ரக்டர் காத்திருப்பார்.

சளி பிடித்திருந்தால் அன்று இறங்காதீர்கள். மாத்திரை போட்டுச் சமாளிப்பதும் ஆபத்து. நடுவில் மருந்தின் வேகம் குறைந்து, மேலே வரும்போது காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம்.

மிதப்பு

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறோம். மிதப்பை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: இடுப்பில் கட்டிய ஈயம், ஜாக்கெட்டில் உள்ள காற்று, உங்கள் நுரையீரல்.

ஈயத்தை முதலில் சரி செய்யுங்கள். புதியவர்களைச் சீக்கிரம் கீழே இறக்குவதற்காகப் பல இடங்களில் கூடுதலாகவே கட்டிவிடுவார்கள். கூடுதல் ஈயம் கட்டினால் அதை ஈடுகட்ட ஜாக்கெட்டில் கூடுதல் காற்று வேண்டும். அந்தக் காற்று ஆழத்தில் சுருங்கி மேலே விரியும், நீங்கள் ஒரு மீட்டர் ஏறினாலும் தூக்கும், ஒரு மீட்டர் இறங்கினாலும் அமுக்கும். சரியான எடையைப் பார்ப்பது எளிது. நீர்மட்டத்தில் ஜாக்கெட்டைக் காலி செய்து, காலை அசைக்காமல் செங்குத்தாக நின்று, சாதாரணமாக இழுத்த மூச்சை ரெகுலேட்டரிலேயே ஒரு கணம் நிறுத்துங்கள். தண்ணீர் கண் மட்டத்துக்கு நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல மூழ்க வேண்டும். மூச்சை நிறுத்திப் பார்ப்பது இங்கே, நீர்மட்டத்தில் மட்டும்தான். நிரம்பிய சிலிண்டரில் உள்ள காற்றின் எடையே இரண்டரை கிலோவுக்கு மேல். டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி தீர்ந்து நீங்கள் சுமார் இரண்டு கிலோ லேசாகியிருப்பீர்கள். அதனால் நிறைந்த சிலிண்டரோடு சோதிக்கும்போது அதற்கும் சேர்த்து ஈயம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி மணலில் பயிற்சி. ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் மணலில் குப்புறப் படுங்கள், ஃபின் நுனி மட்டும் மணலில் ஊன்றியிருக்கட்டும். ஜாக்கெட்டின் பொத்தானை ஒரு தட்டு தட்டி உள்ளே காற்று விடுங்கள், மூச்சிழுங்கள், காத்திருங்கள். ஒன்றும் நடக்காது. இன்னொரு தட்டு. ஏதோ ஒரு கட்டத்தில், மூச்சிழுத்து இரண்டு மூன்று நொடி கழித்து, நெஞ்சு தானாக மணலை விட்டு எழும். மூச்சை விட்டால் மறுபடி மெல்லத் தாழும். அந்த இரண்டு மூன்று நொடித் தாமதத்தைப் பழகுவதுதான் முழு வித்தை. புதியவர்கள் மூச்சிழுத்ததும் எழவில்லையே என்று ஜாக்கெட்டில் இன்னும் காற்று விடுவார்கள், தாமதமாக இரண்டும் சேர்ந்து வேலை செய்யும், ஆள் மேலே போய்விடுவார். பிறகு பதறிக் காலி செய்வார், தொப்பென்று கீழே விழுவார். ஒரு பொத்தானை அழுத்துவதற்கு முன் இரண்டு மூச்சு காத்திருங்கள்.

ஒரு நிதானமான மூச்சில் ஒன்றிரண்டு லிட்டர் காற்று மாறும். அது ஒன்றிரண்டு கிலோ தூக்குவிசைக்குச் சமம். அதாவது ஒரு பாறை முகட்டைத் தாண்ட கையும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம், கொஞ்சம் நிறைய மூச்சிழுத்தால் போதும். ஃபின் நுனியையும் மணலிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் அசையாமல் மிதந்து நில்லுங்கள். இது வரும்வரை 'என்னைப் பாறைக்குக் கூட்டிப் போக வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் மணலிலேயே இருக்கிறேன்' என்று இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நான்கு டைவையும் சீக்கிரம் முடித்துச் சான்றிதழ் தருவது அவருக்கு வசதியாக இருக்கலாம். கற்க வந்தது நீங்கள்.

உடம்பைக் கிடைமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் மிதிப்பது போல உதைக்காதீர்கள். அது உங்களை முன்னே தள்ளாது, அடியிலுள்ள மணலைக் கிளப்பிப் பவளத்தின் மேல் கொட்டும். முழங்காலை மடக்கித் தவளை உதைப்பது போல உதைத்தால் மணல் கிளம்பாது. கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீரில் கைவீசுவதால் காற்றுதான் செலவாகும்.

காற்றுக் கணக்கு

வழக்கமான 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்தத்தின் அளவு) காற்று என்றால் 2,200 லிட்டர். புதியவர் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அழுத்தம் கூடுவதால் 10 மீட்டரில் அது 40 லிட்டர், 20 மீட்டரில் 60 லிட்டர். 50 பாரை எப்போதும் மிச்சம் வைத்துத்தான் மேலே வர வேண்டும் என்பதால் செலவுக்கு இருப்பது 1,650 லிட்டர். 10 மீட்டரில் 40 நிமிடம், 20 மீட்டரில் அரை மணி நேரம்கூட இல்லை. ஆழம் போகப் போக நேரம் சுருங்கும் என்பது இதில் தெரியும். வண்ணங்களும் அப்படித்தான்: சிவப்பு ஐந்து மீட்டரிலேயே மங்கத் தொடங்கிவிடும். கற்றுக்கொள்பவருக்குப் பாறையின் அழகு முழுக்க 6 முதல் 12 மீட்டருக்குள் கிடைக்கிறது. மிச்சமுள்ள காற்றைக் காட்டும் கேஜை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், இன்ஸ்ட்ரக்டர் கேட்பதற்கு முன்பே 100 பார் வந்ததைச் சொல்லுங்கள்.

மேலே வருவது மெதுவாக. நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் வருவது நல்லது, கையிலுள்ள கம்ப்யூட்டர் வேகம் கூடினால் கத்தும். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு மேலே வர வேண்டும். மணலில் பழகிய மிதப்பு இங்கே கைகொடுக்கும். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத நடுக்கடல் நீலத்தில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கத் தெரிந்தவர், டைவிங் தெரிந்தவர்.

பாறைக்கு மேலே

பவளம் பார்ப்பதற்குக் கல், ஆனால் உயிருள்ளது. பாலிப் என்ற சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய கூட்டு வீடு. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் பாசிதான் உணவையும் நிறத்தையும் தருகிறது. தண்ணீர் சூடாகி நாள்கணக்கில் நீடித்தால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். அந்தமான் பாறைகள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடுமையாக வெளுத்தன. நெமோ ரீஃபிலும் இறந்த பவளத்துண்டுகள் கிடக்கும் இடங்களைப் பார்ப்பீர்கள், பக்கத்திலேயே புதுக் கிளைகள் முளைத்திருப்பதையும் பார்ப்பீர்கள். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அப்படிப்பட்டதன் மேல் முழங்கால் ஊன்றுவதை என்னால் ஏற்கவே முடியாது. தொங்கும் கேஜையும் உபரி ரெகுலேட்டரையும் ஜாக்கெட்டில் செருகிக்கொள்ளுங்கள், பாறையை உரசுவது பெரும்பாலும் அவைதான். கேமராவை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். கையில் கேமரா இருந்தால் கண் திரையில் இருக்கும், கால் எங்கே படுகிறது என்பது தெரியாது.

அப்புறம் பாருங்கள். அனிமோன் என்ற கடல் சாமந்தியின் முன் ஒன்றரை மீட்டர் தள்ளி அசையாமல் நின்றால், உள்ளே ஒளிந்த கோமாளி மீன் சில மூச்சுகளுக்குள் வெளியே வரும். முன்னே வந்து உங்களை முறைத்துப் பார்க்கும், பின்வாங்கும், மறுபடி வரும். கூட்டத்தில் பெரியது பெண். அது இறந்துபோனால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். கிளிமீன் பாறையைக் கடிக்கும் சத்தம் 'கறுக் கறுக்' என்று தெளிவாகக் கேட்கும். கடித்ததில் உள்ள சுண்ணாம்பு அதன் வயிற்றில் அரைபட்டு மணலாக வெளியே வரும். ஊரில் மீன்கடையில் மட்டும் பார்த்த களவாவும் சங்கராவும் கணவாயும் உயிரோடு அவரவர் வேலையாகத் திரிவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் சலிக்கவில்லை.

ஆபத்து என்று பெரிதாக எதுவும் துரத்தி வராது. தொடாமல் இருந்தால் லயன்ஃபிஷ், கல்மீன், கடல் முள்ளெலி எதுவும் குத்தாது. கல்மீனோ லயன்ஃபிஷோ குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். பெரிய கிளாத்தி மீன் முட்டைக்குக் காவல் இருக்கும்போது துரத்தும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் என்பதால், மேலே போகாமல் பக்கவாட்டில் விலகிப் போங்கள். கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை வைத்த இடங்களில் மட்டும் தண்ணீரில் இறங்காதீர்கள், அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு.

செத்த பவளத்துண்டாக இருந்தாலும் பையில் போடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் இருக்கின்றன, விமான நிலையச் சோதனையில் பிடிபட்டால் வழக்கு. வெயிலுக்குக் களிம்புக்குப் பதில் முழுக்கை ரேஷ் கார்டு என்ற நீச்சல் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் வாங்கிய பிறகு

ஹேவ்லாக் பக்கம் டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்று பேர்போன இடங்கள் இருக்கின்றன. அவற்றின் சிறப்பெல்லாம் 18 மீட்டருக்குக் கீழே இருக்கிறது, நீரோட்டமும் இழுக்கும். புது ஓப்பன் வாட்டர் சான்றிதழோடு அங்கே அவசரப்பட்டுப் போக வேண்டாம். லைட்ஹவுஸ், அக்வேரியம் போன்ற ஆழம் குறைந்த இடங்களில் இன்னும் சில டைவ் போட்டுவிட்டு அட்வான்ஸ்டு என்ற அடுத்த கட்டப் பயிற்சியை யோசியுங்கள். ஒவ்வொரு டைவுக்கும் ஆழம், நேரம், கட்டிய ஈயத்தின் எடை, மிஞ்சிய காற்று நான்கையும் குறித்து வையுங்கள். அடுத்த ஊரில் வேறு கருவியோடு இறங்கும்போது, எத்தனை கிலோ கட்டுவது என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பு பதில் சொல்லும்.

சான்றிதழ் காலாவதியாகாது, கைப்பழக்கம் போய்விடும். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் ரிஃப்ரெஷர் என்ற மறுபயிற்சி ஒன்றைச் செய்துவிட்டு இறங்குங்கள். அந்தமானில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு பவளப்பாறைக்கு மே முதல் செப்டம்பர் வரை போகலாம். அங்கேயும் ஆழம் குறைவு, தமிழிலேயே பேசிச் சமாளித்துவிடலாம். அடுத்த சீசன் வரை காத்திருக்க மனமில்லாதவர்களுக்கு என் பரிந்துரை அதுதான்.